ஒட்டக் கூடாத வீடு

அத்தியாயம் 17

சாப்பாட்டு மேஜை யாருக்குச் சொந்தம் என்ற சண்டையில் போன வாரம் விட்டிருந்தோம். எட்டு மாதமாக அந்த மேஜையில் ஒரு தட்டு வைக்க இடமில்லை. புருஷன், பெண்டாட்டி, மகள் மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். மேஜை முழுக்கப் பிளாஸ்டிக் கட்டைகள். மேலே குமிழும் கீழே குழியுமாக இருக்கும், குழந்தைகள் ஒன்றின் மேல் ஒன்று அழுத்தி வீடு கட்டி விளையாடுமே, அதே கட்டைகள்தான். இந்த வீட்டில் கட்டி விளையாடுகிற குழந்தைக்கு வயது நாற்பத்தாறு. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற உத்தியோகம்.

"அந்தக் குப்பையை நீ எடுக்கறியா, நான் எடுத்து வெளிய வீசவா?" என்று அவள் புருஷன் கத்தினார். அவள் பதில் சொல்லாமல் மேஜை மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள். அத்தோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. வாசகிகளில் பாதிப் பேர் அவர் பக்கம் என்று கடிதங்கள் சொல்கின்றன. இருக்கட்டும். இந்த வாரத்தையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எழுந்து வந்தபோது, அவள் புருஷன் லிப்ட்காரர் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் மேஜை அருகே நின்றுகொண்டிருந்தார். லிப்ட் ரிப்பேர் செய்வது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்கு முன்னால் படுக்கையை விட்டு எழுந்ததாகச் சரித்திரம் கிடையாது.

"இங்க வா. ஒண்ணு காட்டறேன்" என்றார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அவள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே அருகில் போனாள். அவர் போர்வையை எடுத்தார்.

அவள் கட்டிய நான்கு மாடிக் குடியிருப்பு அப்படியே இருந்தது. அவர்கள் வசிக்கிற கட்டடத்தின் சின்ன உருவம் அது. பின்சுவர் கிடையாது, உள்ளே எல்லா வீடும் தெரியும். ஒருத்தர் துணி காயப்போடுகிறார், ஒருத்தர் டிவி முன்னால் தூங்குகிறார். நடுவில் ஒரு லிப்ட். பக்கவாட்டில் இருக்கும் பிடியைச் சுற்றினால் நூலில் ஏறி இறங்கும். படிக்கட்டுப் பக்கம் முழுக்க நீலக் கண்ணாடி ஜன்னல்கள்.

லிப்ட்காரர் கூரையை ஒரு கையால் பிடித்தார். அவள் "ஐயோ, விடுங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், மொத்தக் கட்டடத்தையும் அந்த ஒரு கையிலேயே தூக்கிவிட்டார். தூக்கி, ஆட்டியும் காட்டினார். ஒரு கட்டை உதிரவில்லை.

"நேத்து நீ டூட்டிக்குப் போனப்புறம் ஒட்டிட்டேன். ஒண்ணு விடாம. இனிமே கீழ போட்டாக்கூட உடையாது" என்றார். "என்ன, பேச்சே காணோம்?"

அவள் குனிந்து அந்த நீல ஜன்னல்களைப் பார்த்தாள்.

ஏன் பார்த்தாள் என்று புரிய, அவள் சேர்ந்திருக்கிற கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்தக் கட்டைப் பைத்தியம் பிடித்த பெரியவர்கள் ஊரில் இருபது இருபத்தைந்து பேர் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு கூடி, தாங்களே யோசித்துக் கட்டியதை ஒருவருக்கொருவர் காட்டுவார்கள். ஒரு பல் டாக்டரம்மாதான் தலைவி. அங்கே ஒரே ஒரு சட்டம்: அடுத்தவர் கட்டியதைப் பார்த்தால் ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லாமல் நகரக் கூடாது. குறை சொல்லவே கூடாது. வீட்டில் எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு இங்கேயாவது முதுகில் ஒரு தட்டு கிடைக்கட்டும் என்று டாக்டரம்மா போட்ட சட்டம் அது. நம் ஆளுக்கு அங்கே 'மாடியக்கா' என்று பெயர்.

வருஷத்துக்கு ஒரு தடவை கண்காட்சி நடக்கும். கோப்பை, சால்வை எதுவும் கிடையாது. வந்தவற்றில் சிறந்தது எது என்று முன்கூட்டியே படம் பார்த்து ஓட்டுப் போடுவார்கள். அப்படித் தேர்வானதை, கண்காட்சி அன்று மத்தியானம் எல்லாரும் மேஜையைச் சுற்றி நின்று பிரிப்பார்கள். கட்டியவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே இதை இப்படிக் கோத்தேன், இங்கே இப்படித் தடுமாறினேன் என்று சொல்ல, மற்றவர்கள் எட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். கடைசியில் மேஜையில் கட்டைக் குவியல்தான் மிஞ்சும். அதைவிடப் பெரிய மரியாதை அந்தக் கூட்டத்தில் இல்லை.

இந்த வருஷம் அந்த மரியாதை மாடியக்காவுக்கு. கண்காட்சி அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

ஆகவே அங்கே பசை என்றால் ஆகாது. இன்றைக்குச் சுவராக இருப்பது நாளைக்குப் படகாக வேண்டும். ஒட்டிய கட்டை அவர்கள் கணக்கில் செத்த கட்டை. அதிலும் அந்த நீல ஜன்னல்கள் அவளுடையவையே இல்லை. கூட்டத்தில் ஒரு போஸ்ட்மேன் இருக்கிறார். தான் கட்டிய ரயிலிலிருந்து கழற்றி, "உங்க படிக்கட்டுக்கு இதுதான் பொருத்தம், முடிஞ்சதும் குடுங்க" என்று அவர் கடன் கொடுத்தவை.

"நல்லா... கெட்டியா இருக்குங்க" என்றாள் அவள்.

"அது. நானும் இன்னிக்கு வரேன். என்னதான் பண்றீங்கன்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு லிப்ட்காரர் கார் துடைக்கக் கீழே போனார்.

அவர் தலை மறைந்ததும் மகள் வந்து அவளைச் சமையலறைக்குள் இழுத்தாள். இருபத்து மூன்று வயது, விமானக் கம்பெனியின் போன் பிரிவில் வேலை. வீட்டில் இன்னும் பாப்பாதான்.

"அம்மா, வாயைத் திறந்துடாத."

"அது போஸ்ட்மேன் சாரோட ஜன்னல்டி."

"தெரியும். ஆனா அப்பா முகத்தைப் பாத்தியா? நேத்து முழுக்கக் குனிஞ்ச தலை நிமிராம ஒட்டியிருக்கார். கழுத்து புடிச்சுக்கிச்சுன்னு என்னைத் தைலம் தடவச் சொன்னார். உன் விஷயத்துல அவர் கையை வெச்சதே இதான் முதல் தடவை. இப்பப் போய் கெடுத்துட்டீங்கன்னு சொன்னா, இனிமே ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்."

"அங்க போய் நான் என்னன்னு சொல்றது?"

"எதையாவது சொல்லு. அவங்கதான் திட்டவே கூடாதே. அதானே உங்க சட்டம்?"

பாப்பா அப்பா செல்லம். ஆனாலும் அவள் சொன்னதில் அம்மாவுக்கு ஒரு இடம் சுருக்கென்று பட்டது. பல வருஷமாக இந்த மனிதர் ஒரு தடவை திரும்பிப் பார்க்கமாட்டாரா என்று ஏங்கியவள்தானே அவள். திரும்பிப் பார்த்தார், பசையோடு வந்துவிட்டார். தெரியாமல் செய்ததற்கு என்ன செய்ய முடியும்?

குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டாள். சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். பாவம் பார்த்துத்தான்.

ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் கண்காட்சி. தரையில் விளையாட்டுக் கோடுகள், சுவரோரம் அடுக்கிய நாற்காலிகள், நீளநீளமாக மேஜைகள். டாக்டரம்மா வாசலிலேயே நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். ஒல்லியான உருவம், கணீரென்ற குரல், யாருடைய வாயைப் பார்த்தாலும் பல்லைத்தான் முதலில் பார்ப்பார்.

"வாங்க மாடியக்கா. உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துட்டிருக்கோம். இவர்..."

"வீட்டுக்காரர்" என்றாள்.

"ஓ" என்றார் டாக்டரம்மா. வழக்கமாக இரண்டு வார்த்தை கூடவே பேசுகிறவர், அதோடு நிறுத்திக்கொண்டார்.

அவளுக்கு ஒதுக்கிய மேஜைக்குப் பக்கத்து மேஜையில் போஸ்ட்மேனின் ரயில் நின்றது. இஞ்சினும் மூன்று பெட்டிகளும். பெட்டிகளில் ஜன்னல் இருக்க வேண்டிய இடமெல்லாம் சதுரம் சதுரமாக ஓட்டை. முன்னால் ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தார்: 'ஜன்னல்கள் பக்கத்து வீட்டுக்கு விருந்தாடப் போயிருக்கின்றன.'

அதைப் படித்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போஸ்ட்மேன் அவளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"எப்படிம்மா நம்ம அட்டை? சாயங்காலம் விருந்து முடிஞ்சு திரும்பி வந்துடும்ல? என் பேசஞ்சருங்க எல்லாம் காத்து வாங்கிட்டு உக்காந்திருக்காங்க."

"சார், உங்ககிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"என்ன ஒண்ணு?" என்று லிப்ட்காரர் இடையில் தலையை நீட்டினார்.

இப்படித்தான் காலை முழுக்க நடந்தது. மனுஷன் அவளை விட்டு ஒரு அடி நகரவில்லை. காபி வாங்கிட்டு வாங்களேன் என்றால் பாப்பாவை அனுப்பினார். அங்கே ஒரு பெரிய பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்களேன் என்றால், "உன் வீட்டைப் பாக்கத்தானே வந்தேன்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் "எவ்வளவு பாசமான மனுஷன்" என்று அவளிடமே சொன்னார்கள். சட்டம் மனிதர்களுக்கும் பொருந்தும்போலும்.

பார்க்க வந்த ஒரு அம்மாள் ஆசையாகப் பிடியைச் சுற்றிப் பார்த்தார். லிப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றது நின்றபடி இருந்தது. அசையவே இல்லை.

"லிப்ட் ரிப்பேர்மா. படியில ஏறிப் போங்க" என்றார் லிப்ட்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் குனிந்து பார்த்தாள். லிப்ட் ஓடும் தடத்திலும் பசை. நாலு ஓரத்திலும் அழகாக, ஒரே சீராக, கோடு இழுத்தது போல வைத்திருந்தது. பல வருஷமாக லிப்ட்டை ஓட வைத்துப் பிழைக்கிற மனிதர் லிப்ட் தடத்தில் பசை வைப்பாரா என்று ஒரு கேள்வி எழுந்தது. அவசரத்தில் கை தவறியிருக்கும் என்று அதை உட்கார வைத்தாள். அவருக்குச் சமாதானம் கண்டுபிடிப்பதில் நம் ஆளுக்கு இத்தனை வருஷத்தில் நல்ல தேர்ச்சி.

மத்தியானம் டாக்டரம்மா கையைத் தட்டினார். கட்டடத்தை நடு மேஜைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாரும் சுற்றி வந்து நின்றார்கள். பின்வரிசைக்காரர்கள் நாற்காலி மேல் ஏறிக்கொண்டார்கள். மேஜையில் காலித் தட்டுகள் வரிசையாக வைத்திருந்தார்கள், கழற்றும் கட்டைகளை வகைவகையாகப் பிரித்துப் போட.

"மாடியக்கா எட்டு மாசம் இதுக்கு உழைச்சிருக்காங்க. முதல் கட்டையை யார் எடுக்கணும்னு அவங்களே சொல்லட்டும்" என்றார் டாக்டரம்மா.

அவள் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தில் யாரோ, "போஸ்ட்மேன் சார் எடுக்கட்டும், ஜன்னல் அவரோடது" என்றார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

போஸ்ட்மேன் கூச்சத்தோடு முன்னால் வந்தார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். மேல்மாடி ஜன்னல் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தார். வரவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினார். வரவில்லை. "கெட்டியா உக்காந்திருக்கே" என்று சிரித்துக்கொண்டே, கட்டைகளைப் பிரிக்கப் பயன்படுத்துகிற சின்னப் பிளாஸ்டிக் நெம்புகோலைப் பையிலிருந்து எடுத்தார். அதன் நுனியை வைத்து அழுத்தினார். நெம்புகோல் வளைந்தது.

பிறகு அவர் குனிந்து, ஜன்னலும் சுவரும் சேரும் இடத்தை உற்றுப் பார்த்தார். அங்கே பசை ஒரு சொட்டு வழிந்து, வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். நெம்புகோலைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பின்வரிசைக்காரர்கள் நாற்காலியிலிருந்து இறங்கி முன்னால் நெருங்கினார்கள்.

"நான்தான் ஒட்டினேன்" என்றாள் அவள்.

பின்னால் பாப்பா மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. லிப்ட்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வர்ற வழியில உடைஞ்சிடுமோன்னு பயமா இருந்தது. யோசிக்காம பண்ணிட்டேன். எல்லாரும் மன்னிச்சுக்கணும்."

டாக்டரம்மா அவளையே பார்த்தார். "நீங்களா ஒட்டினீங்க?"

"ஆமா டாக்டர்."

"உங்க கையால?"

"நான்தான் டாக்டர்."

டாக்டரம்மாவின் பார்வை அவளைத் தாண்டி ஒரு கணம் லிப்ட்காரரிடம் போய்விட்டுத் திரும்பியது. அப்புறம், "சரி. நம்ம சட்டம் சட்டம்தான். ஆளுக்கொரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அந்தச் சட்டம் எவ்வளவு கொடுமையானது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. திட்டியிருந்தால் அழுதுவிட்டாவது போகலாம். வரிசையாக வந்தார்கள். "கலர் நல்லா இருக்கு" என்றார் ஒருவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "படிக்கட்டு அழகு." "துணி காயப்போடற பொம்மை நல்லா இருக்கு." "அளவு சரியா இருக்கு." வேலையை முடித்துவிட்டு நகர்கிற மாதிரி ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். போன மாதம் இதே வாய்கள் அவளைச் சுற்றி நின்று அரை மணி நேரம் கேள்வி கேட்டுக் குடைந்தன.

கடைசியாகப் போஸ்ட்மேன் வந்தார். என்ன சொல்வது என்று தேடினார். பாவம், நிஜமாகவே தேடினார்.

"என் ஜன்னலுக்கு நல்ல இடம் கிடைச்சிருக்கும்மா" என்றார்.

"சார், எங்கயாவது தேடி வாங்கிக் குடுத்துடறேன் சார்."

"இந்த நீலம் இப்ப யாரும் செய்யறதில்ல. ஒவ்வொண்ணா சேத்தது. விடுங்க."

அவர் தன் ரயிலிடம் போய் அந்த அட்டையை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஓட்டில் அடுத்து வந்திருந்த ஒரு கப்பலை நடு மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். அவளுடைய கட்டடத்தை இரண்டு பேர் தூக்கிச் சுவரோரம் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கப்பலின் பாய்மரம் கழன்று வந்ததும் சிரிப்பும் பேச்சும் திரும்ப ஆரம்பித்தன. எல்லா முதுகும் அவள் பக்கம். அந்த முதுகுகளுக்கு நடுவிலிருந்து, "இனிமே யாருக்கும் கடன் குடுக்கறதுன்னா யோசிக்கணும்" என்று ஒரு குரல் கேட்டது. குறை சொல்லக் கூடாது என்பதால் மெல்லத்தான் சொன்னார்கள்.

கூரைக்குக் கீழே ஒரு சின்ன அறை கட்டியிருந்தாள். லிப்ட் மோட்டார் இருக்கிற அறை. கூரையைக் கழற்றினால்தான் தெரியும். அதற்குள் ஒரு பொம்மையை உட்கார வைத்திருந்தாள். நீலச் சட்டை, கையில் ஸ்பேனர், நெற்றிக்கு மேலே ஏறிப்போன முடி. எல்லார் முன்னாலும் கூரையைத் தூக்கி, 'இவர்தான் இந்தக் கட்டடத்தை ஓட வைக்கிறவர், என் வீட்டுக்காரர்' என்று சொல்வதாக எண்ணம். அவர் வருவார் என்று எதிர்பார்த்துச் செய்ததில்லை. வராவிட்டாலும் சொல்வதாகத்தான் இருந்தாள். இப்போது அந்தக் கூரையும் கழலாது.

அவள் பாப்பாவைப் பார்த்து, "போலாம்" என்றாள்.

திரும்பி வருகையில் கட்டடம் பின்சீட்டில் பாப்பாவின் மடியில் இருந்தது. அவள் முன்சீட்டில். லிப்ட்காரர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே ஓட்டினார்.

"நல்ல கூட்டம்தான். ஒருத்தரும் ஒரு வார்த்தை தப்பா பேசலையே" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ எதுக்கு நான்தான் ஒட்டினேன்னு சொன்னே?"

"வேற என்ன சொல்றதுங்க? உங்களை அத்தனை பேர் முன்னாடி நிக்க வைக்கச் சொல்றீங்களா? உடையக் கூடாதுன்னு நல்ல மனசோட பண்ணினீங்க. அவங்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்ல."

தாளம் நின்றது. முன்னால் போன பஸ் திரும்பும்வரை காத்திருந்தார்கள். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அதற்கும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பாள்.

"எனக்காக பொய் சொன்னியாக்கும்" என்றார். "இனி அதுக்கும் நான் உனக்குக் கடமைப்படணும். ஊர் முன்னாடி நீ பெரிய மனுஷி, நான் ஒண்ணும் தெரியாத முட்டாள். வேணாம். உன் தயவு எனக்கு வேணாம்."

"என்னங்க சொல்றீங்க?"

"தெரியாம ஒட்டினேன்னு நினைச்சியா? நான் லிப்ட்காரன். எது ஓடணும் எது ஓடக் கூடாதுன்னு எனக்கா தெரியாது?"

பின்சீட்டில் பாப்பா, "அப்பா" என்றாள்.

"நீ சும்மா இரு. எத்தனை வருஷமா நான் லிப்ட்டை ஏத்தி இறக்கறேன். எவனாவது வந்து, நல்லா ஓடுதுப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கானா? நின்னாத்தான் என் ஞாபகம் வரும். அப்பவும் திட்டறதுக்குத்தான். இவ நாலு பொம்மைக் கட்டையை அடுக்கி வெச்சா, இருபது பேர் சுத்தி நின்னு ஆகா ஓகோங்கறான். போன்ல அந்த போஸ்ட்மேன் பேசினா ஒரு சிரிப்பு சிரிக்கிறியே, அந்தச் சிரிப்பை இந்த வீட்ல நான் பாத்து எத்தனை நாளாச்சு? ஒட்டினேன். முடிஞ்சுதா? இனி பிரிக்க முடியாது, இனி எவனும் உனக்குக் கடன் குடுக்க மாட்டான். மேஜையும் காலியாகும்."

கூரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது. சொல்லப் பிடிக்கவில்லை. அது ஒன்றாவது அவருக்குக் கிடைக்காமல் போகட்டும் என்று நினைத்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு ஒன்று கிடைக்கக் கூடாது என்று நினைத்தாள்.

"ஒட்டினா என்ன ஆகும்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டாள்.

சிக்னலில் வண்டி நின்றது. அவர் சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"உன் போன்லேந்து நம்பரை எடுத்து வெள்ளிக்கிழமை அந்த டாக்டரம்மாவுக்கே போன் போட்டேன். என் மனைவியோட வீட்டை ஒட்டிக் குடுக்கலாமான்னு கேட்டேன். தயவுசெஞ்சு ஒட்டிடாதீங்க, ஒட்டினா எல்லாம் வீண்னு ரெண்டு தடவை சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் கடைக்குப் போய்ப் பசை வாங்கினேன்."

நீங்களா ஒட்டினீங்க என்று டாக்டரம்மா கேட்ட முகம் அவள் கண்ணெதிரே வந்து நின்றது. உங்க கையால என்று மறுபடி கேட்டதும். அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அத்தனை பேர் நடுவில் உண்மையைச் சொல்ல அவளுக்கு இரண்டு தடவை வழி விட்டிருக்கிறார். இரண்டு தடவையும் அவள் இந்த மனிதருக்காக, தன்னை மதித்த ஒரே இடத்தில் பொய் சொல்லியிருக்கிறாள்.

அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"எங்க போறே? நடு ரோட்ல என்ன இது?" என்றார் லிப்ட்காரர்.

அவள் பின்கதவைத் திறந்தாள். பாப்பாவின் மடியிலிருந்த கட்டடத்தை இரண்டு கையாலும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒட்டியதில் ஒரு சௌகரியம், ஒரு கட்டைகூட உதிரவில்லை.

"ஹாலைப் பூட்டறதுக்குள்ள போகணும். டாக்டரம்மாவைப் பாக்கணும். போஸ்ட்மேன் சாரையும். நீ வர்றியா பாப்பா?"

பாப்பாவின் கண்ணெல்லாம் தண்ணீர். அப்பாவின் பின்னந்தலையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"வீட்ல போய்ப் பேசிக்கலாம்மா. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

அவள் முழங்கையால் கதவைத் தள்ளிச் சாத்தினாள். நின்றிருந்த வண்டிகளுக்கு நடுவே நுழைந்து, நடைபாதையில் ஏறி, வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காது பின்னாலேயே இருந்தது. ஒரு கதவு திறக்கும், செருப்புச் சத்தம் ஓடி வரும், 'அம்மா, நில்லு' என்று ஒரு குரல் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே நடந்தாள்.

சிக்னல் மாறியது. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அவர்களுடைய காரின் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அதுவும் கிளம்பிப் போயிற்று.